இருபத்திரண்டாம் நம்பர் முள்

என் கணவர் கட்டிய பூச்சி ஒவ்வொன்றும் ஒரு சீரகத்தைவிடச் சின்னதாக இருக்கும். தூண்டில் முள்ளின் மேல் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றுவார். அதன் மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை இடைவெளி விட்டு ஓட்டுவார். தலைப் பக்கத்தில் மயில் தோகையின் ஒரே ஒரு இழையை இரண்டு சுற்று சுற்றி, வெள்ளை நூலில் ஒரு துணுக்கு வைத்து முடிச்சுப் போட்டு, என்னுடைய நெயில் பாலிஷில் நிறமில்லாததை ஒரு பொட்டு வைத்து மூடுவார். மலை ஏரிகளில் டிரவுட் என்ற மீனுக்கு இதுதான் இரை என்பார். உண்மையில் அது தின்பது மிட்ஜ் என்கிற, கொசு மாதிரியான ஆனால் கடிக்காத பூச்சி. அது ஏரியின் அடிச்சேற்றில் புழுவாகக் கிடந்து, சிறகு முளைக்கும் காலம் வந்ததும் கூட்டுப்புழுவாக மெல்ல மேலே ஏறிவரும். ஏறும் வழியில் மீன் பிடித்துக்கொள்ளும். அவர் கட்டியது அந்த ஏறிவரும் புழுவின் உருவம். முள்ளின் நம்பர் இருபத்திரண்டு. நம்பர் கூடக்கூட முள் சிறுத்துக்கொண்டே போகும்.

ஹைதராபாத்தில் டிரவுட் கிடையாது. ராமச்சந்திராபுரத்துச் சந்தையில் ஐஸ் மேல் கிடப்பது கொர்ரமீன் என்கிற விராலும் ரவ்வு என்கிற ரோகுவும்தான். அவருக்கு இந்தப் பைத்தியம் மலையில் பிடித்தது. தொழிற்சாலையில் அவர் இன்ஜினியர். வடக்கே ஒரு நீர்மின் நிலையத்துக்கு எங்கள் தொழிற்சாலை இயந்திரம் கொடுத்திருந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டுவதற்காக மூன்று வருஷம் அவரை சைட்டுக்கு அனுப்பினார்கள். நான் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டேன். டவுன்ஷிப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. தெருப் பிள்ளைகள் எல்லாரும் அப்பாவைத் தெலுங்கில் 'நானா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அவரை நானா என்றே கூப்பிடுவாள். போனில் நானாவிடம் எப்போ வருவீங்க என்று கேட்டுக் கேட்டு, மூன்றாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

சைட்டில் அவர் வயதையொத்த சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். விடுமுறை நாட்களில் இவரை மேலே ஒரு ஏரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். மூன்று வருஷம் முடிந்து திரும்பி வந்தபோது இவர் கையில் ஒரு தூண்டில் கோலும், தொப்பியில் குத்திய நாலைந்து பூச்சிகளும் இருந்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு அந்த ஏரிக்குப் போவார். என்னையும் கூப்பிடுவார். நான் போகமாட்டேன். அந்த மூன்று வருஷத்தில் மகளுக்கு டைஃபாய்டு வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை. அந்த ஏரியை நான் சக்களத்தி மாதிரித்தான் நினைத்தேன்.

மிச்சமிருக்கும் ஐம்பது வாரமும் பூச்சி கட்டுவார். இரண்டாவது அறையில் ஜன்னலோரம் ஒரு இரும்பு மேஜை. அதில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் குட்டி வைஸ், லேத் டிபார்ட்மெண்ட் சிநேகிதர் ஒருவர் கடைந்து கொடுத்தது. பூதக்கண்ணாடி வைத்த விளக்கு ஒன்று. பழைய ஹெட்போனைப் பிரித்து எடுத்த செம்புக் கம்பி. மயில் தோகை, நூல் கண்டு, கத்தரிக்கோல். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையிலிருந்து சத்தமே வராது. கட்டி முடித்ததை ஒரு பஞ்சுத் துண்டில் குத்தி என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். நான் பார்க்காமலே நல்லா இருக்கு என்பேன்.

அவருக்கு ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயதிருக்கும்போது அது ஆரம்பித்திருக்க வேண்டும். முதலில் காபி டம்ளர். இடது பக்கம் வைத்தால் கையால் தட்டிவிடுவார். நான் வைக்கும் இடம் சரியில்லை என்று அவர் சொல்ல, உங்களுக்கு நினைப்பெல்லாம் எங்கேயோ இருக்கு என்று நான் சொல்ல, சண்டையாகும். பிறகு ஒரு கல்யாணத்தில் என் அண்ணன் இவருக்குப் பக்கவாட்டில் வந்து நின்று சிரித்திருக்கிறார். இவர் கண்டுகொள்ளாமல் போய்விட்டார். அண்ணன் ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது இடது பக்கமிருந்து வந்த தள்ளுவண்டியில் இடித்து, தக்காளியெல்லாம் ரோட்டில் உருண்டது. வண்டிக்காரர் திட்டத் திட்ட இவர் குனிந்து தக்காளியைப் பொறுக்கிக் கொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

கண் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் அந்தப் பூச்சிகள். இருபத்திரண்டாம் நம்பர் முள்ளின் காது வழியாக நூல் கோக்கிறவருக்குக் கண்ணில் என்ன கோளாறு இருக்க முடியும்? செய்தித்தாளில் பொடி எழுத்து விளம்பரங்களைக் கண்ணாடி இல்லாமல் வாசிப்பார். அவரே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆனால் எனக்கு ஒரு நாள் தெரிந்துவிட்டது.

வகுப்பில் கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிற பிள்ளையை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துப் பெற்றோருக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறவள் நான். என் சீட்டைப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த ஞாயிறு மத்தியானம் ஏதோ கேட்பதற்காக அவர் அறைக்குப் போனேன். முள்ளில் நூலைச் சுற்றி முடித்திருந்தார். கத்தரிக்கோலுக்காக இடது கையை நீட்டி மேஜைமேல் தடவினார். கத்தரிக்கோல் அவர் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெட்டவெளியில் கிடந்தது. அவர் தலை அந்தப் பக்கம் லேசாகத் திரும்பியே இருந்தது. ஆனாலும் தெரியவில்லை. விரல் பட்டதும்தான் எடுத்தார். வெட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். நான் அவர் பின்னால் நின்றபடியே கையை நீட்டி அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்டால், சோதித்துப் பார்க்கத்தான். அவர் மறுபடி கையை நீட்டி, பழைய இடத்தில் தடவினார். பிறகு அதைச் சுற்றி. பிறகு இன்னும் சுற்றி. அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. முள்ளில் கட்டிய பூச்சி அப்பழுக்கில்லாமல் இருந்தது.

கேட்க வந்ததையும் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வருஷம் மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். செப்டம்பரில் அவளுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ. இந்த ஒரு வருஷம் போகாமல் இருங்கள் என்று கேட்டிருந்தேன். அவர் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கத்தரிக்கோலை அவர் தடவுவதைப் பார்த்தபோது எனக்குள் ஓடிய நினைப்பை இதுவரை எழுதியதில்லை. கண் மங்கினால் பூச்சி கட்ட முடியாது, கட்ட முடியாவிட்டால் மலைக்கும் போகமாட்டார், தானே நின்றுபோகட்டும் என்று நினைத்தேன். ஏதோ வெள்ளெழுத்துப் போல, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் ஒன்று என்றுதான் எண்ணினேன். அது உண்மை. ஆனால் அப்படி எண்ணிக்கொண்டு பதினோரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்ததும் உண்மை.

அவர் அந்த செப்டம்பரிலும் போய்விட்டு வந்தார். அடுத்த ஆகஸ்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியை விட்டுவிட்டு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே ஆறு தையல். தையல் போட்ட டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் கண்ணைக் காட்டுங்கள் என்று ஊருக்குள் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருட்டறையில் ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் சத்தம் எப்போதாவது ஒரு முறை கேட்டது. இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கருவியிலிருந்து வந்த தாளை மேஜைமேல் விரித்துக் காட்டினார். இரண்டு வட்டம். இடது வட்டத்தில் நடுவில் கொஞ்சம் தவிர எல்லாம் கறுப்பு. வலது வட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது, கிளாக்கோமா என்றார். ஓரத்திலிருந்துதான் பார்வை போகும், நேர்ப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும், அதனால்தான் பலருக்கும் தெரிவதில்லை என்றார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. இரண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதைக் கட்டலாமா என்று. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். அந்த அம்மா ஒரு பூச்சியை எடுத்துத் தன் லென்ஸுக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இந்தக் கண்ணோடு இதைக் கட்டினீர்களா என்று தெலுங்கில் கேட்டார். இவர் தலையாட்டினார். கட்டுங்கள், தெரிகிறவரை கட்டுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டம்ளர்களை எல்லாம் வலது பக்கம் வைக்க ஆரம்பித்தேன். காலை ஒரு சொட்டு, சாயந்திரம் ஒரு சொட்டு. நான் போடட்டுமா என்று கேட்டால், "நக்கோ" என்பார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் பேசிய ஹைதராபாத் ஹிந்தி அது. வேண்டாம் என்று தமிழில் சொன்னால் மனசு புண்படும் என்று நினைத்தாரோ என்னவோ, என்னிடம் மறுக்க வேண்டியதை எல்லாம் அந்தப் பாஷையில் சொல்வார்.

கால் புண்ணால் அந்த செப்டம்பர் போகவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பர் வந்தபோது, நானும் வருகிறேன் என்றேன். தனியாக அனுப்ப முடியாது என்பது வெளியில் சொன்ன காரணம். அவர் ஆச்சரியப்படவில்லை. குளிருக்கு என்னென்ன எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

செகந்திராபாத்தில் ரயில் ஏறி, பிறகு பஸ், பிறகு ஜீப். கடைசி ஊரில் அந்த மலைக்கார நண்பர் காத்திருந்தார். இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. போனில் எல்லாம் சொல்லியிருந்தோம். அங்கிருந்து ஏரிக்கு மூன்று மணி நேரம் நடை. கல் வழி. அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். மேடு, பள்ளம், கல், தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் நான் சொல்லிக்கொண்டே நடந்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே நாளில் அவரிடம் அவ்வளவு பேசியது அன்றுதான்.

ஏரி நான் நினைத்ததைவிடச் சின்னது. மூன்று பக்கமும் சரளைச் சரிவு. மரமே இல்லை. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்ததும் இதற்காகவா என்றுதான் தோன்றியது. கரையோரம் குனிந்து முகம் கழுவப் போனேன். தண்ணீருக்குள் ஏதோ துரும்புகள் நின்ற வாக்கில் மேலே வந்துகொண்டிருந்தன. கறுப்பு உடம்பு, அதில் மெல்லிய வளையங்கள், தலையில் ஒரு வெள்ளைத் துளி. ஒன்று என் விரலருகே மேல் மட்டத்துக்கு வந்து முட்டி, முதுகு பிளந்து, அதற்குள்ளிருந்து ஒரு பூச்சி ஈரச் சிறகோடு வெளியே வந்து உட்கார்ந்தது. பஞ்சுத் துண்டில் குத்தி அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியதெல்லாம் இதுதான். அதே வளையங்கள், அதே வெள்ளைத் துளி. பத்து வருஷத்துக்கு மேலாக அவர் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. முகம் கழுவாமலே எழுந்து வந்துவிட்டேன்.

பூச்சிக்கு மேலே கொஞ்சம் தள்ளி நூலில் ஒரு சிவப்புத் தக்கை கட்டியிருக்கும். மீன் பூச்சியை வாயில் வாங்கித் துப்புவதற்கு ஒரு நொடிதான் ஆகுமாம். தக்கை லேசாக அசையும்போதே கோலைத் தூக்க வேண்டும். அவருக்குத் தெரிகிற வட்டம் அப்போது கையை நீட்டிப் பிடித்த சாப்பாட்டுத் தட்டு அளவு. காற்றில் தக்கை நகர்ந்து வட்டத்தைவிட்டு வெளியே போனால் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். "இடது பக்கம் போகுது. இன்னும் இடது. நின்னுடுச்சு. இப்போ." நான் 'இப்போ' என்று சொன்னதில் பாதி சிற்றலை. மீதிப் பாதியில் நான் சொல்லி முடிப்பதற்குள் மீன் துப்பிவிட்டுப் போயிருந்தது. அவர் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் நூலை இழுத்து, பூச்சியை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி வீசுவார். வீச்சு மட்டும் பார்வையே தேவையில்லாதது போல அவ்வளவு அழகாக விழுந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஒன்றும் சொல்லாமலே கோலைத் தூக்கினார். கோல் வளைந்தது. ரொம்ப நேரம் அவர் அதை விட்டு விட்டுப் பிடித்தார். நண்பர் தண்ணீரில் இறங்கி வலையில் எடுத்தார். இவர் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள்ளேயே ஏந்திக்கொண்டார்.

"எப்படி இருக்கு, சொல்லு" என்றார்.

"பழுப்பா இருக்கு. சிவப்புப் புள்ளி இருக்கு" என்றேன்.

"புள்ளியச் சுத்தி ஒரு வெள்ளை வளையம் இருக்கும். நல்லாப் பாரு."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிலும் இருந்தது. இருக்கு என்றேன். அவர் முள்ளைக் கழற்றிவிட்டு, மீன் தானாக நழுவிப் போகும்வரை கையை எடுக்காமல் இருந்தார்.

நண்பர் டீ போட, கரையில் நாங்கள் போட்டிருந்த கூடாரத்துப் பக்கம் போனார். நாங்கள் இரண்டு பேரும் கல்லின்மேல் காலைக் காயவைத்து உட்கார்ந்திருந்தோம். அவர் முகம் அப்போது நன்றாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கத்தரிக்கோல் விஷயத்தைச் சொன்னேன். நான் அதை நகர்த்தி வைத்தது, அவர் தடவியது, எனக்குத் தெரிந்துவிட்டது, பதினோரு மாதம் சொல்லாமல் இருந்தது, ஏன் சொல்லவில்லை என்பது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தண்ணீர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ நகர்த்துனது எனக்குத் தெரியும்" என்றார். "இரும்பு மேஜைல, சத்தம் கேட்டுச்சு."

நான் காலை மடக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்கே அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி தெரியும். ஆபீஸ்ல ஒரு நாள் ஒரு கண்ண மூடிட்டு கடிகாரத்தப் பாத்தேன். அதுக்குப் பக்கத்துல மாட்டியிருந்த காலண்டர் இல்ல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இங்க விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரியும்.

ஈரப் பூச்சியைத் தொப்பியில் குத்திக்கொண்டே, "அன்னிக்கி நீ கேப்பன்னு பாத்தேன்" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வெளிய போயிட்ட. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அது இறங்கவில்லை, இரண்டு மடங்கானது. அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இரண்டு செப்டம்பர், இந்தக் கறுப்புத் தண்ணீர், இதற்காகக் கண்ணையே கொடுத்திருக்கிறார். கூடவே, நான் அந்த அறையில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்பதும். இரண்டில் எதை நினைப்பது என்று தெரியாமல் எழுந்து போய் நண்பர் கொடுத்த டீயை வாங்கி வந்து அவர் கையில் வைத்தேன். திரும்பி வரும் வழி முழுக்க மேடு, பள்ளம், கல் என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. ரயிலிலும் பேசவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கட்டினார். தெரிகிற வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. இடது கண் முழுக்கப் போயிற்று. மேஜையில் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளியில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே எடுத்துப் பழகினார். நான் அந்த மேஜையைத் துடைப்பதை விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றுப் பக்கத்துத் தெருவில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் ஓடியது. ஒரு நாள் காலையில் நூல் மூன்று முறை அறுந்தது. நாலாம் முறை அவர் கோக்கவில்லை. வைஸைக் கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய பனியனில் சுற்றிப் பரணில் வைக்கச் சொன்னார். அன்று மத்தியானம் எப்போதும் போலச் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

இந்த நோய் குடும்பத்தில் வரும், பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். மகள் கொண்டாப்பூரில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போனில் கேட்கும்போதெல்லாம், "நாக்கு பாகானே கனிபிஸ்துந்தி" என்பாள். எனக்கு நல்லாத்தான் தெரியுது என்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் மழுப்புவாள். ஒவ்வொரு வார விடுமுறைக்கும் ஒரு வேலை இருக்கும். இப்படி ஒன்றரை வருஷம் போனது. எனக்கு இந்த விளையாட்டு முன்பே தெரிந்ததாக இருந்தது. ஒரு சனிக்கிழமை சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, நீ கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை உள்ளே வரமாட்டேன் என்றேன். கோபத்தோடு கிளம்பி வந்தாள்.

அவளுக்கும் இருந்தது. ஆரம்பம்தான். இடது கண்ணில் மட்டும், ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு. மருந்தில் நிறுத்திவிடலாம், பயப்பட வேண்டாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். வரும்போது காரை மகள்தான் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது, "அம்மா, நானாகிட்ட நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றாள். அவள் வாயிலிருந்து முழு வாக்கியமாகத் தமிழ் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

சொன்னேன். எந்தக் கண் என்று கேட்டார். இடது என்றேன். எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே பால்கனிக்குப் போய், சாப்பிடக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் மகளிடம் போனில் பேசவில்லை. அவள் கூப்பிட்டால் தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். எட்டாம் நாள் அவரே அவளைக் கூப்பிட்டு, மருந்து போட்டாயா என்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். "ஹவ், ஹவ்" என்று அதே ஹிந்தியில் ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். நாலு வருஷமாக அவள் கண்ணில் அந்த நகக்கண் அளவு கூடவில்லை. ஒவ்வொரு பரிசோதனையும் முடிந்து கூடவில்லை என்று கேட்கும்வரை எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

போன மழைக்காலத்தில் மலைக்கார நண்பர் போன் செய்தார். தனக்கு முழங்கால் போய்விட்டது, ஆனாலும் ஏரிக்கு இந்த ஒரு முறை ஏறப்போகிறேன் என்றார். இவர் என்னைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்த பூச்சிப் பெட்டிகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். எட்டுப் பெட்டி. கோணலாக இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு, நல்லதை மட்டும் அனுப்பு என்றார். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு நாள் ஆனது. கடைசி வருஷத்தில் கட்டியதில் ஒரு பதினைந்து இருபது சரியில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தன. தனியாக எடுத்த கோணல்களை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்துத் தொட்டுப் பார்த்து, அதிலிருந்தும் ஐந்தைத் திருப்பிக் கொடுத்தார். மீனுக்கு இது போதும் என்றார். எல்லாவற்றையும் பஞ்சு வைத்துக் கட்டித் தபாலில் அனுப்பினேன்.

அக்டோபரில் நண்பர் மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். மீன் அந்தப் பூச்சியை எடுத்தது என்றார். இவர், தண்ணீர் எப்படி இருந்தது, பனி வந்துவிட்டதா என்று கேட்டார். சரிவில் இந்த வருஷம் சீக்கிரமே விழுந்துவிட்டது என்று அவர் சொன்னார். பிறகு போனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

போனை வைத்த பிறகு இவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்காமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கத்தியை வைத்துவிட்டு, போகணும்போல இருக்கா என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.